சுமைகூலி யார் தலையில்?

சென்ற இதழில் வெளியான கட்டுரையின் தலைப்பு ‘சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்’. எழுதியவர் முப்பது ஆண்டுகளாகப் பல்கலைக்கழகங்களில் கட்டட வேலை எடுத்துச் செய்யும் கான்ட்ராக்டர். டெண்டரில் கேட்கப்படும் காப்பீடுகள் எல்லாம் வெட்டிச் செலவு, சிறு ஒப்பந்ததாரர்களை விரட்டும் சூழ்ச்சி, இன்ஷூரன்ஸ் கம்பெனிகளுக்குப் படியளக்கும் ஏற்பாடு என்பது அவர் கட்சி. நடை சரளமாக இருக்கிறது. கோபமும் நிஜம். பழமொழிக்குப் பஞ்சமே இல்லை. கணக்கைத்தான் தேடித் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

நான் ஒரு பல்கலைக்கழகத்தின் எஸ்டேட் பிரிவில் இருபத்தாறு வருடம் எம்-புக், அதாவது வேலையை அளந்து பதியும் அளவுப் புத்தகம், எழுதி ஓய்வு பெற்றவன். அவரைப் போன்றவர்கள் கட்டிய சாரங்களுக்குக் கீழே நின்றிருக்கிறேன். அவர்கள் கொண்டுவந்து நீட்டிய பாலிசி நகல்களையும் புரட்டியிருக்கிறேன். நட்டத்தையும் நட்டத்துக்கான ரசீதையும் ஒரே கையால் வாங்கியவன் என்பதால் இந்தப் பதிலை எழுத எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு.

அவருடைய பெருமையிலிருந்தே தொடங்குகிறேன். “முப்பது வருடத்தில் என் சைட்டில் ஒரு சாவு கிடையாது” என்கிறார். நம்புகிறேன். ஆனால் அந்த வாக்கியத்தை இன்னொரு தரம் படியுங்கள். சாவு கிடையாது என்கிறாரே தவிர, யாரும் விழவில்லை என்று சொல்லவில்லை. காலை ஒடித்துக்கொண்ட சென்ட்ரிங் ஆள், வெட்டும் மிஷினில் இரண்டு விரலை விட்ட டைல்ஸ் பையன், இவர்களெல்லாம் முப்பது வருடக் கணக்கில் எந்தப் பக்கத்தில் வருகிறார்கள்? கையில் ஐயாயிரம் ரூபாயைத் திணித்து, ‘சரியானதும் வாப்பா’ என்று ஊருக்குப் பஸ் ஏற்றிவிட்ட பக்கத்தில். அந்தப் பக்கம் எந்தப் பல்கலைக்கழகத்தின் கோப்பிலும் இருக்காது.

அடுத்து அவர் கேட்பது: “தொழிலாளிக்கு இ.எஸ்.ஐ. இருக்கிறது, நல வாரியம் இருக்கிறது. அதற்கு மேல் தொழிலாளர் இழப்பீட்டு பாலிசி எதற்கு?”

கட்டுரை முழுவதிலும் பதில் சொல்லத் தகுதியான கேள்வி இது ஒன்றுதான் என்பதால் கொஞ்சம் நின்று பார்ப்போம். இ.எஸ்.ஐ.யில் சேர்ந்த தொழிலாளிக்கு வேலை விபத்துக்கான பலன் அங்கேயே கிடைத்துவிடும். முதலாளியிடம் தனியாக இன்னொரு இழப்பீடு கேட்க முடியாது. கட்டட வேலைத்தளத்து ஆட்களையும் 2015 ஆகஸ்ட்டிலிருந்து இதற்குள் கொண்டுவந்தார்கள். முதலாளி பங்கு 3.25 சதவீதம், தொழிலாளி பங்கு 0.75 சதவீதம். இதுவரை நண்பர் சொல்வது சரி. அவர் சொல்லாமல் விட்டது, இ.எஸ்.ஐ.க்கு ஒரு சம்பள வரம்பு உண்டு என்பது. மாதம் 21,000 ரூபாய். 2017 ஜனவரியில் வைத்த வரம்பு. நாளுக்கு 900 ரூபாய் கூலி வாங்கும் கொத்தனார் இருபத்தாறு நாள் வேலை பார்த்தால் 23,400 ஆகிவிடுகிறது. ஆக, சித்தாள் இ.எஸ்.ஐ.க்கு உள்ளே, கொத்தனார் வெளியே. சாரம் சரியும்போது இரண்டு பேரும் சேர்ந்தேதான் விழுவார்கள்.

அப்புறம் பத்துப் பேர் கணக்கு. பொதுவாகப் பத்து ஆளுக்குக் குறைவாக வைத்து வேலை செய்பவரை அந்தச் சட்டம் கட்டாயப்படுத்துவதில்லை. நம் ஊர் வேலை எப்படி நடக்கிறது என்று நண்பருக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. டெண்டர் எடுப்பவர் ஒருவர். அவரிடமிருந்து சென்ட்ரிங்கை ஒருவர் எடுப்பார், பூச்சு வேலையை ஒருவர், பெயின்டிங்கை ஒருவர். ஒவ்வொரு மேஸ்திரியிடமும் ஆறு பேர், ஏழு பேர். மொத்தமாக எண்ணினால் ஐம்பது தலை. சலானில் எத்தனை தலை இருக்கிறது என்று கேட்டால், ‘அது மேஸ்திரி ஆளுங்க சார், நம்ம ஆளுங்க இல்ல’ என்ற பதில் வரும். இந்த வாக்கியத்தை என் வேலைக்காலத்தில் எத்தனை பேர் வாயிலிருந்து கேட்டேன் என்று எண்ணி வைத்திருந்தால் அதுவே ஒரு எம்-புக் ஆகியிருக்கும்.

நல வாரியத்தைப் பற்றி ஒரு குறையும் சொல்ல மாட்டேன். 1994-ல் தமிழ்நாட்டில் கட்டடத் தொழிலாளிக்கென்று வாரியம் வந்தது பெரிய காரியம். ஆனால் அது தருவது நிவாரணம். பதிவு செய்தவருக்குத் தருகிறது. பீகாரிலிருந்தோ ஒடிசாவிலிருந்தோ முந்தாநாள் ரயிலில் வந்து இறங்கி, இன்று மூன்றாவது மாடியில் நிற்கிற பையனின் பதிவு அட்டை எங்கே? வாரியம் நிவாரணம் கொடுத்தாலும் முதலாளியின் சட்டப் பொறுப்பு அப்படியேதான் நிற்கும்.

அந்தப் பொறுப்பு எவ்வளவு? நண்பர் போடாத கணக்கை நான் போடுகிறேன். இழப்பீட்டுச் சட்டம் 1923-ல் வந்தது. இப்போது சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்துக்குள் குடியேறிவிட்டது. வீடு மாறியதே ஒழிய, கடன் அப்படியே இருக்கிறது. 2020 ஜனவரி அறிவிப்புப்படி, கூலி எவ்வளவு இருந்தாலும் மாதம் 15,000 வரைதான் கணக்கில் எடுப்பார்கள். இறந்தவருக்கு அதில் பாதி, அதாவது 7,500. முப்பது வயதுக்காரருக்குச் சட்டத்தின் அட்டவணை சொல்லும் காரணி 207.98. பெருக்கினால் 15,59,850 ரூபாய். ஒரு மாதத்துக்குள் கட்டாவிட்டால் 12 சதவீத வட்டி. தகுந்த காரணம் இல்லாமல் இழுத்தடித்தால் அந்தத் தொகையில் பாதி வரை அபராதம்.

நண்பர் தம் கட்டுரையில் உதாரணம் காட்டுவது நாலு லட்ச ரூபாய் பெயின்டிங் வேலை. ‘நாலு லட்ச வேலைக்கு எத்தனை பாலிசி?’ என்று நகைக்கிறார். நானும் ஒன்று கேட்கிறேன். நாலு லட்ச வேலையில் பதினைந்தரை லட்சத்தை எங்கிருந்து எடுத்துக் கொடுப்பதாக உத்தேசம்?

இதற்கும் அவரிடம் பதில் தயார். “நான்தான் முத்திரைத்தாளில் உறுதிப் பத்திரம் எழுதித் தருகிறேனே! டெபாசிட்டும் இருக்கிறதே!” பத்திரம் எழுதியவரின் பையில் பணம் இருக்கும் வரைதான் பத்திரத்துக்கு மதிப்பு. மிக்ஸர் வாடகைக்கு எடுத்தது, சாரக்கழி வாடகைக்கு எடுத்தது, வீடு மனைவி பெயரில். அந்தப் பத்திரத்தை எடுத்துக்கொண்டு போய் எந்தக் கோர்ட்டில் எதை ஜப்தி செய்வது? டெபாசிட் விஷயம் இன்னும் வேடிக்கை. ஐந்து சதவீதம் என்று வைத்தால் நாலு லட்ச வேலைக்கு இருபதாயிரம் ரூபாய். பூச்சு உதிர்ந்தால், பெயின்ட் உரிந்தால் சரிசெய்யப் பிடித்து வைக்கும் பணம் அது. அதே கட்டுரையின் ஐந்தாவது பத்தியில், அந்த டெபாசிட்டை இரண்டு வருடமாகத் திருப்பித் தரவில்லை என்று பல்கலைக்கழகத்தைத் திட்டுகிறார். ஆறாவது பத்தியில், அந்த டெபாசிட்டே போதுமான பாதுகாப்பு என்கிறார். இடையில் ஒரு பாராவுக்குள் மனிதர் கட்சி மாறிவிட்டார்.

அவர் கட்டாத பணம் காற்றில் கரைந்துவிடாது. சட்டம் அதற்கும் வழி வைத்திருக்கிறது. கான்ட்ராக்டரின் ஆள் அடிபட்டால், வேலையைக் கொடுத்த முதன்மையாளரிடமே இழப்பீடு கேட்கலாம். கொடுத்துவிட்டு முதன்மையாளர் கான்ட்ராக்டரிடம் வசூலித்துக்கொள்ள வேண்டியது. அது முதன்மையாளரின் வழக்கமான தொழிலைச் சேர்ந்த வேலையாக இருக்க வேண்டும் என்று ஒரு நிபந்தனை உண்டுதான். ‘பாடம் நடத்துவதுதானே பல்கலைக்கழகத்தின் தொழில், கட்டடம் கட்டுவதா?’ என்று வக்கீல் வாதாடலாம். வாதாடியும் இருக்கிறார்கள். அந்த வாதம் ஒரு முடிவுக்கு வருவதற்குள் செத்தவரின் குழந்தை பள்ளிக்கூடத்தை விட்டு நின்றிருக்கும். முடிவு பல்கலைக்கழகத்துக்கு எதிராகப் போனால், பணம் பொதுநிதியிலிருந்து போகும். பொதுநிதி என்றால் என்ன? கடலூர்ப் பக்கத்து முந்திரித் தோட்டக் கூலி தன் மகளுக்காகக் கட்டிய தேர்வுக் கட்டணம். ‘ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே’ என்பார்கள். பழமொழி வேண்டுமென்றால் நண்பர் இதை வைத்துக்கொள்ளட்டும்.

இப்போது அவருடைய பிரம்மாஸ்திரம். “பல்கலைக்கழகம் தன் கட்டடங்களுக்குத் தீ காப்பீடு எடுத்திருக்கிறது. அதே கட்டடத்துக்கு நானும் ஏன் எடுக்க வேண்டும்? ஒரே கழுத்துக்கு இரண்டு தாலியா?”

இந்த வாதத்தைப் படித்தபோது உண்மையிலேயே எனக்கு அவர் மேல் இரக்கம் வந்தது. தன் கழுத்துக்கான கயிற்றைத் தானே திரித்து, அது தாலி என்று சொல்லிக்கொண்டு நிற்கிறார். அவருடைய வெல்டர் விட்ட பொறியில் நூலகம் எரிகிறது என்று வைத்துக்கொள்வோம். பல்கலைக்கழகத்தின் இன்ஷூரன்ஸ் கம்பெனி நட்டத்தைக் கொடுத்துவிடும். கொடுத்த கையோடு, பல்கலைக்கழகத்தின் இடத்தில் தான் வந்து நின்று, தீ வைத்தவர் யாரோ அவரிடம் அந்தப் பணத்தைத் திருப்பிக் கேட்கும். நட்டம் கொடுத்தவர் நட்டப்பட்டவரின் உரிமையை எடுத்துக்கொள்வது என்பது காப்பீட்டுச் சட்டத்தில் அரிச்சுவடி. பல்கலைக்கழகமாவது அடுத்த டெண்டரை நினைத்து, நண்பரின் முகத்தைப் பார்த்து விட்டுக்கொடுக்கும். இன்ஷூரன்ஸ் கம்பெனியின் வசூல் வக்கீலுக்கு அந்தத் தாட்சண்யம் கிடையாது.

இதைத் தவிர்க்கத்தான் ‘கான்ட்ராக்டர்ஸ் ஆல் ரிஸ்க்’ பாலிசியைப் பல்கலைக்கழகம், கான்ட்ராக்டர் இருவர் பெயரிலும் சேர்த்து எடுக்கச் சொல்கிறார்கள். தீ பாலிசியில் கான்ட்ராக்டர் மேல் திரும்ப மாட்டோம் என்று எழுதி வாங்குகிறார்கள். இந்த ஷரத்தால் யாருக்கு லாபம்? நண்பருக்கு. அதைத்தான் சூழ்ச்சி என்கிறார்.

அந்த பாலிசியை அவர் ஒருநாளாவது முழுதாகப் படித்திருப்பாரா என்பதே எனக்குச் சந்தேகம். அதில் இரண்டு பாகம் உண்டு. முதல் பாகம், கட்டிக்கொண்டிருக்கும் வேலைக்கு வரும் சேதம். மழையில் சரிந்த சுவர், திருடுபோன கம்பி, வெள்ளம் புகுந்த அஸ்திவாரம். இரண்டாம் பாகம், வேலையால் வெளியாளுக்கோ அவர் சொத்துக்கோ வரும் சேதம். இந்த இரண்டாம் பாகத்தில் ஒரு பொடி எழுத்து இருக்கிறது. கான்ட்ராக்டரின் பொறுப்பிலும் பராமரிப்பிலும் கட்டுப்பாட்டிலும் இருக்கும் சொத்து இதில் சேராது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் செனட் ஹவுஸை எடுத்துக்கொள்ளுங்கள். கட்டடக் கலைஞர் சிஷோம் 1874-ல் தொடங்கி 1879-ல் முடித்த கட்டடம். அதற்குள் பழைய வயரிங்கை மாற்ற ஒருவரிடம் சாவியைக் கொடுத்தால், அந்த நாட்களுக்கு அந்தக் கூடம் அவருடைய கட்டுப்பாட்டில் இருப்பதாகக் கம்பெனி சொல்லலாம். அப்போது எரிந்தால் வெறும் வயருக்குத்தான் பணம் வரும். வண்ணக் கண்ணாடிக்கு வராது. ‘சுற்றியுள்ள சொத்து’ என்று தனியாக ஒரு சேர்க்கை கேட்டு வாங்கினால்தான் அதற்குப் பாதுகாப்பு. டெண்டரில் அந்த ஒரு வரியைப் பார்த்துவிட்டுத்தான், “இல்லாத ஊருக்கு வழி கேட்கிறார்கள்” என்று நண்பர் கிண்டலடித்திருக்கிறார்.

பொதுப் பொறுப்புக் காப்பீடு பற்றி அவர் எழுதிய பத்தியில் ஒரு சட்டம் வருகிறது. 1991-ன் பொதுப் பொறுப்புக் காப்பீட்டுச் சட்டம் அபாயகரமான ரசாயனங்களைக் கையாள்பவர்களுக்கு மட்டும்தான், எனக்குப் பொருந்தாது என்கிறார். சட்டத்தைப் பற்றிச் சொன்னது சரி. விஷவாயுவால் போபால் பட்ட பாட்டுக்குப் பிறகு வந்த சட்டம் அது. ஆனால் அந்தச் சட்டம் கட்டாயமாக்கிய பாலிசி ஒன்று. கடைக்காரரும் ஓட்டல்காரரும் கட்டடக்காரரும் தாமாக எடுக்கிற பொதுப் பொறுப்பு பாலிசி வேறொன்று. பெயர் ஒன்றாக இருப்பதால் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டார். தோண்டிய பள்ளத்தில் மாணவி விழுந்தால், குளோரின் கசியவில்லை என்று நீதிபதியிடம் சொல்லித் தப்பிக்க முடியுமா?

ஜே.சி.பி. விஷயம் வேகமாகச் சொல்லிவிடலாம். வளாகத்துக்குள் ஓடும் வண்டிக்கு எதற்கு இன்ஷூரன்ஸ் என்கிறார். மாணவர்கள் ஆயிரக்கணக்கில் நடக்கிற பாதை அது. இதற்கு மேல் பேச ஒன்றுமில்லை.

ஆனால் “வேலையின் மதிப்புக்கு ஏற்றபடிதான் காப்பீட்டுத் தொகையும் இருக்க வேண்டும்” என்று அவர் நியாயத் தராசைத் தூக்குகிறாரே, அதை அப்படிக் கடந்து போக முடியாது. கேட்பவர் எல்லோரும் தலையாட்டிவிடுவார்கள். நாலு லட்ச வேலைக்கு நாலு லட்சக் காப்பீடு, என்ன அழகான சமன்பாடு!

அமெரிக்காவில் மயாமி நகரத்தில் ஃப்ளோரிடா இன்டர்நேஷனல் பல்கலைக்கழகம் இருக்கிறது. மாணவர்கள் பெரிய சாலையைக் கடக்க ஒரு நடைபாலம் கட்டினார்கள். 950 டன் எடையுள்ள பகுதியை 2018 மார்ச் 10 அன்று தூக்கி வைத்தார்கள். மார்ச் 15 மதியம், சிக்னலுக்காகக் கீழே நின்றிருந்த கார்களின் மேல் அது விழுந்தது. ஆறு பேர் இறந்தார்கள். வடிவமைப்புக் கணக்கில் பிழை இருந்தது. சரிபார்க்க வைத்தவர்கள் அந்தப் பிழையைப் பிடிக்கவில்லை. விரிசல் கண்ணுக்குத் தெரிந்த பிறகும் சாலையை மூடவில்லை. விசாரணை அறிக்கை 2019-ல் சொன்னது இது. பாலத் திட்டத்தின் மதிப்பு சுமார் 1 கோடியே 42 லட்சம் டாலர். பாதிக்கப்பட்டவர்களுக்குச் சமரசமாகப் பேசி முடித்த தொகை 10 கோடி டாலரைத் தாண்டியது. நண்பரின் சமன்பாட்டை அங்கே வைத்திருந்தால் ஏழில் ஒரு பங்குகூடத் தேறியிருக்காது. பாலத்தைக் கட்டிய கம்பெனி அடுத்த வருடம் மார்ச் மாதமே திவால் மனு போட்டுவிட்டது. முத்திரைத்தாள் பத்திரத்தை மட்டும் நம்பியிருந்தால் அந்தக் குடும்பங்கள் திவால் கோர்ட்டின் வராந்தாவில் நின்றிருக்கும். பணம் வந்தது பாலிசிகளிலிருந்து.

அந்த விபத்தில் இன்னொரு பாடமும் இருக்கிறது. தவறு தொடங்கியது கான்கிரீட்டில் இல்லை, கணக்குத் தாளில். கட்டுபவரின் பொதுப் பொறுப்பு பாலிசி வடிவமைப்பாளரின் மூளைக் கோளாறுக்கெல்லாம் சாதாரணமாகப் பொறுப்பேற்காது. அதற்குத்தான் ஆர்க்கிடெக்ட், ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் இவர்களிடம் தொழில்முறைப் பொறுப்புக் காப்பீடு தனியாகக் கேட்கிறார்கள். “எத்தனை வகை, எத்தனை வகை!” என்று நண்பர் வியந்தாரே, வகை இத்தனை இருப்பதற்குக் காரணம் இது. ஒன்று விட்ட இடத்தில் இன்னொன்று தொடங்குகிறது. இந்தத் தொழில்முறை பாலிசிக்கு ஒரு குணம் உண்டு. கட்டடம் கட்டிய வருடத்தில் இருந்தால் போதாது, வழக்கு வருகிற வருடத்திலும் உயிரோடு இருக்க வேண்டும். வேலை முடிந்தது என்று புதுப்பிக்காமல் விட்டால், கட்டிய பிரீமியம் அவ்வளவும் தண்ணீரில் போட்ட உப்பு.

சின்ன வேலை, சின்ன ஆபத்து என்பதற்கு இன்னும் ஒரு பதில். 2018 செப்டம்பர் 2 இரவு பிரேசிலில் தேசிய அருங்காட்சியகம் எரிந்தது. ரியோ டி ஜெனிரோ ஃபெடரல் பல்கலைக்கழகத்தின் பொறுப்பில் இருந்தது அது. 1818-ல் தொடங்கியது. சுமார் இரண்டு கோடிப் பொருள்கள் உள்ளே இருந்தன. தீ எங்கே தொடங்கியது என்று போலீஸ் நிபுணர்கள் தேடிப் போய் நின்ற இடம், கீழ்த்தளத்து அரங்கின் ஏர்கண்டிஷனர். ஒரு ஏர்கண்டிஷனரை மாட்டியதற்கு என்ன பில் வந்திருக்கும்? அந்த பில் தொகைக்குச் சமமாக ஒரு காப்பீடு. நண்பர் திருப்தியா?

“இன்ஷூரன்ஸ் கம்பெனி எங்கே சார் பணம் கொடுக்கிறான்?” என்பது கட்டுரையின் கடைசிப் பகுதி. இந்த இடத்தில் நானும் அவரோடு கொஞ்ச தூரம் நடக்கத் தயார். கொடுக்காமல் இழுத்த கதைகள் எனக்கும் தெரியும். ஆனால் கொடுக்காததற்குக் காரணம் பல நேரம் பாலிசி எடுத்தவரின் கையெழுத்திலேயே இருக்கும். ஒன்று சொல்கிறேன்.

பல வருடம் முன்னால், நான் வேலை பார்த்த இடத்தில் விடுதிக்கு வெளிப்புற பெயின்டிங். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டதால் வேலை நின்று, ஒப்பந்தக் காலத்தை நீட்டித்துக் கொடுத்தோம். ஒப்பந்தம் நீண்டது. பாலிசி நீளவில்லை. அதை கான்ட்ராக்டரும் பார்க்கவில்லை, வெட்கத்தோடு சொல்கிறேன், நானும் பார்க்கவில்லை. பாலிசி முடிந்து பதினோராவது நாள், மூன்றாம் மாடி உயரத்திலிருந்து ஒரு பையன் கயிற்றுப் பலகையோடு விழுந்தான். பிழைத்தான், இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லாமல். பிறகு பாலிசியை எடுத்துப் பார்த்தால், தேதி சரியாக இருந்திருந்தாலும் உதவியிருக்காது என்று தெரிந்தது. அதில் ஆறு பெயின்டர் என்று எழுதி ஆறு பேர் கூலிக்குத்தான் பிரீமியம் கட்டியிருந்தார். சுவரில் தொங்கியவர்கள் பத்தொன்பது பேர். சப்-கான்ட்ராக்டரின் ஆட்கள் சேரும் என்ற ஒரு வரி அதில் இல்லை. மருத்துவச் செலவு சேரும் என்ற வரியும் இல்லை.

சிண்டிகேட்டில் தீர்மானம் போட்டுப் பொதுநிதியிலிருந்து ஒரு கருணைத் தொகை கொடுத்தார்கள். வாங்கிப் போக வந்தவர் அந்தப் பையனின் அண்ணன். தமிழ் தெரியாது. ரெவின்யூ ஸ்டாம்ப் மேல் கையெழுத்துப் போட்டுவிட்டு, செக்கை நாலாக மடித்து, ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு, அதைச் சட்டைக்கு உள்பக்கம் தைத்த பையில் வைத்துக்கொண்டார். கான்ட்ராக்டர் அன்று ஊரில் இல்லை.

இந்தக் கதையில் எந்த இன்ஷூரன்ஸ் கம்பெனி ஏமாற்றியது? ஆறு தலைக்குப் பணம் கட்டிப் பத்தொன்பது தலைக்குப் பாதுகாப்பு கேட்டால், அதற்குப் பெயர் வேறு. இதைவிடப் பெரிய கெட்டிக்காரர்களும் இருந்தார்கள். ஏஜென்டிடம் கவர் நோட்டை வாங்கி டெண்டர் கோப்பில் வைத்துவிடுவது, பிரீமியம் செக் திரும்பிப் போவது. பிரீமியம் கைக்கு வராமல் பொறுப்பு தொடங்காது என்று 1938-ன் இன்ஷூரன்ஸ் சட்டம், 64வி.பி. பிரிவில் சொல்லியிருக்கிறது. கோப்பில் காகிதம் இருக்கும், காகிதத்துக்குப் பின்னால் ஒன்றும் இருக்காது. இவர்கள் பிறகு சங்கக் கூட்டத்தில் எழுந்து, கம்பெனிக்காரன் பணம் தருவதில்லை என்று பேசுவார்கள். கைதட்டல் விழும்.

சிறு கான்ட்ராக்டர்களைப் பற்றி அவர் வடித்த கண்ணீருக்கு வருகிறேன். காப்பீடு கேட்பதால் சிறியவர்கள் டெண்டரில் தோற்றுப் போகிறார்களாம். எல்லோருக்கும் ஒரே நிபந்தனை என்றால், எல்லோரும் அந்தச் செலவைத் தங்கள் விலையில் சேர்த்துத்தான் போடுவார்கள். யாருக்கும் நட்டமில்லை, வேலை கொடுப்பவர்தான் கட்டுகிறார். எப்போது நேர்மையான சிறியவர் தோற்கிறார்? பக்கத்து ஆள் பாலிசி எடுக்காமலே எடுத்ததாகக் காட்டி விலையைக் குறைத்து எல்-1, அதாவது ஆகக் குறைந்த விலைக்காரர், ஆகும்போது. நிபந்தனையைத் தளர்த்தினால் வாழப்போவது அந்தப் பக்கத்து ஆள்தான். நண்பர் எந்தச் சிறியவருக்காக வக்காலத்து வாங்குகிறார் என்று அவரே தெளிவுபடுத்தட்டும்.

நியாயமாகச் சொல்ல வேண்டிய குறை ஒன்று பல்கலைக்கழகங்கள் பக்கம் இருக்கிறது. நண்பர் அதைத் தொடவே இல்லை என்பதால் நான் சொல்கிறேன். பழைய டெண்டரை நகலெடுத்துப் பெயரை மட்டும் மாற்றுகிற வியாதி. நாற்காலிக்குப் பிரம்பு பின்னுகிறவரிடம் ஆல் ரிஸ்க் பாலிசி கேட்டதை என் கண்ணால் பார்த்தேன். அதே வளாகத்தில் விடுதி மெஸ் எடுத்தவரிடம் உணவு நஞ்சானால் யார் பொறுப்பு என்று ஒரு வரி கேட்கவில்லை. லட்சக்கணக்கான மாணவர்களின் மதிப்பெண்ணையும் ஆதார் எண்ணையும் கையாள்கிற மென்பொருள் கான்ட்ராக்டரிடம் கேட்டது வண்டி இன்ஷூரன்ஸ். 2023-ன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி, கான்ட்ராக்டர் கோட்டைவிட்டாலும் பதில் சொல்ல வேண்டியது பல்கலைக்கழகம். பாதுகாப்பு ஏற்பாடு இல்லாமல் தரவு கசிந்தால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். அங்கே கேட்க வேண்டியது சைபர் பாலிசி. வேலையின் குணத்தைப் பார்த்துக் கேளுங்கள் என்று நண்பர் எழுதியிருந்தால் முதல் கையெழுத்து என்னுடையதாக இருந்திருக்கும். அவர் எழுதியது, எதையுமே கேட்காதீர்கள் என்று.

காப்பீடு வாங்கிவிட்டால் எதையும் செய்யலாம் என்று யாரும் நினைத்துக்கொள்ளவும் கூடாது. விடுதிக் கழிவுத் தொட்டிக்குள் மனிதனை இறக்குவதற்கு எந்த பாலிசியும் அனுமதிச் சீட்டு ஆகாது. அது 2013-ன் சட்டப்படி குற்றம். இறந்தால் குடும்பத்துக்கு 30 லட்சம் என்று உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் சொல்லியிருக்கிறது. அந்த வேலைக்கு மிஷின்தான் வர வேண்டும், பாலிசி இல்லை.

கட்டுரையை ஒரு சவாலோடு முடித்திருக்கிறார் நண்பர். நான் வைத்த பாலிசியால் யாருக்காவது ஒரு ரூபாய் பலன் கிடைத்ததா, காட்டுங்கள் என்கிறார். அவர் பாலிசியைப் பார்க்காமல் நான் எப்படிக் காட்டுவது? நாளைக் காலை எட்டரை மணிக்கு, ஆட்கள் டீ குடித்துவிட்டு ஏறும் நேரத்துக்கு அவர் தம் சைட்டுக்குப் போகட்டும். மேலே நிற்கிற தலைகளை எண்ணட்டும். பிறகு பாலிசியின் அட்டவணைப் பக்கத்தை எடுத்து, அதிலுள்ள எண்ணிக்கையையும் முடியும் தேதியையும் பார்க்கட்டும். அந்த மூன்று எண்களையும் அடுத்த இதழில் வெளியிடுவாரா?